கொசுவுக்குக் கணக்கு எழுதிய மருத்துவர் ரோனால்ட் ராஸ்

ஆகஸ்ட் 20 உலகக் கொசு தினம். டிங்கி ஒழிப்புத் துப்புரவுப் பணி, புகை அடித்தல், வீட்டைச் சுற்றித் தேங்கிய நீரைக் கொட்டுங்கள் என்ற சுகாதார அமைச்சின் நினைவூட்டல் என்று அந்த நாள் நம் நாட்டில் ஆண்டுதோறும் வந்து போகிறது. அந்தத் தேதிக்குக் காரணமானவர் சர் ரோனால்ட் ராஸ். மலேரியாக் காய்ச்சலைக் கொசுவே சுமந்து செல்கிறது என்பதற்கான முதல் தடயத்தை 1897ஆம் ஆண்டு அதே தேதியில் இந்தியாவின் செகந்திராபாத் நகரில் கண்டெடுத்தவர் அவர். அதற்காக 1902இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசும் பெற்றார்.

நம்மில் பலருக்கு அவரைப் பற்றி இந்த அளவுதான் தெரியும். ஆனால், நோபல் பரிசுக்குப் பிறகு அவர் தூக்கம் கெட்டு உழைத்த வேலை வேறொன்று. ஒரு நோய் ஓர் ஆளிடமிருந்து இன்னோர் ஆளுக்கு எப்படித் தொடர்கிறது, எந்த இடத்தில் அந்தத் தொடர் அறுந்துபோகும் என்பதைக் கணக்காக எழுதிப் பார்த்தார். கோவிட் காலத்தில் ஒவ்வொரு நாளும் நாம் கேட்ட தொற்று விகிதத்தின் வேர் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

பால்மரக் காட்டைத் திருத்தக் கப்பலேறி வந்த நம் பாட்டன், பூட்டன் காலத்தில் தோட்டத்து லயங்களில் மலேரியாவுக்கு மாண்டவர்கள் ஏராளம். ராஸின் கண்டுபிடிப்பு சொன்ன வழியில் கொசு ஒழிப்பு வெற்றிகரமாக நடந்த முதல் ஊர்களில் ஒன்று நம் கிள்ளான். ஆகவே அவர் வாழ்க்கை நமக்கு அயலார் கதையன்று.

அல்மோராவில் பிறந்தவர்

ராஸ் 1857 மே 13ஆம் தேதி இமயமலைச் சாரலில் உள்ள அல்மோராவில் பிறந்தார். மீரட்டில் சிப்பாய்க் கிளர்ச்சி வெடித்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. தந்தை பிரிட்டிஷ் இந்தியப் படையில் அதிகாரி. பின்னாளில் தளபதியாக உயர்ந்தவர். பத்துப் பிள்ளைகளில் ராஸ் மூத்தவர். எட்டு வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, உறவினர் வீட்டில் வளர்ந்தார்.

சிறுவனுக்கு மருத்துவத்தில் நாட்டமே இல்லை. கவிதை எழுதவும், படம் வரையவும், இசை அமைக்கவும் ஆசைப்பட்டான். பதினான்காம் வயதில் கணக்குக்காகப் பரிசு ஒன்றை வென்றான். வான்கோள்களைப் பற்றிய அந்தப் பரிசுப் புத்தகம் கணிதத்தின்மேல் அவனுக்குத் தீராத பற்றை உண்டாக்கியது. தந்தையோ மகன் இந்திய மருத்துவப் பணியில் சேர வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். 1874இல் லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் ராஸ் மாணவரானார். மனமில்லாமல் படித்ததால் ஒரு தேர்வில் தோற்று, சில காலம் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே ஓடிய கப்பல்களில் மருத்துவராக வேலை பார்த்தார்.

1881இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். சென்னை மாகாணத்தில் பணி. அடுத்த ஏழு ஆண்டுகள் சென்னை, பெங்களூர், பர்மாவின் மோல்மீன், அந்தமான் தீவு என்று ஊர் ஊராக மாற்றப்பட்டார். ஓய்வு நேரம் நிறைய இருந்தது. அந்த நேரத்தில் கதைகளும் கவிதைகளும் எழுதினார். உயர்கணிதத்தைத் தாமே கற்றுக்கொண்டார். உடன் இருந்த அதிகாரிகளுக்கு அது வீண் பொழுதுபோக்காகத் தெரிந்திருக்கும். பின்னாளில் அவருக்குக் கைகொடுத்தது அதுதான்.

பெங்களூரில் 1883இல் நடந்த சிறு நிகழ்ச்சி ஒன்றை அவர் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. அவர் தங்கிய பங்களாவில் கொசுத் தொல்லை தாங்க முடியவில்லை. சன்னலுக்கு வெளியே இருந்த தண்ணீர்த் தொட்டியில் புழுக்கள் நெளிவதைக் கண்டு அதைக் கவிழ்த்துவிட்டார். கொசு வெகுவாகக் குறைந்தது. மற்ற தொட்டிகளையும் இப்படியே கவிழ்க்கலாமே என்று மேலதிகாரியிடம் சொன்னபோது அவர் அதை ஏற்கவில்லை. கொசு எங்கோ தொலைவிலிருந்து வருவதில்லை, நம் காலடியில்தான் பிறக்கிறது என்ற பாடம் அங்கே தொடங்கியது.

கொசுவைத் திறந்து பார்த்த நாள்

மலேரியா என்றால் கெட்ட காற்று என்று பொருள். சதுப்பு நிலத்திலிருந்து கிளம்பும் நச்சுக் காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1880இல் அல்ஜீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் லாவரன், நோயாளியின் இரத்தத்தில் வாழும் நுண்ணுயிரே காரணம் என்று கண்டார். அது ஓர் ஆள் உடம்பிலிருந்து இன்னோர் ஆள் உடம்புக்குப் போகும் வழி மட்டும் தெரியாமல் இருந்தது.

1894இல் விடுமுறையில் லண்டன் சென்ற ராஸ், பேட்ரிக் மேன்சன் என்ற மூத்த மருத்துவரைச் சந்தித்தார். லாவரன் கண்ட நுண்ணுயிரை மேன்சன் அவருக்கு நுண்ணோக்கியில் காட்டினார். கொசுவுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்ற தம் ஊகத்தையும் சொன்னார். 1895இல் இந்தியா திரும்பிய ராஸ், செகந்திராபாத்தில் தேடலைத் தொடங்கினார்.

காய்ச்சல்காரர்களைக் கொசு வலைக்குள் படுக்க வைத்து, கொசுக்களைக் கடிக்க விட்டு, பிறகு அந்தக் கொசுக்களை ஒவ்வொன்றாக அறுத்துப் பார்ப்பதே வேலை. இரண்டு ஆண்டுக்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் அறுத்துப் பார்த்தவை மலேரியாவைச் சுமக்காத வேறு இனக் கொசுக்கள். இடையில் காலராத் தடுப்புக்காகப் பெங்களூருக்கு அனுப்பினார்கள். 1897இல் ஊட்டிக்கு அருகே சீகூர் மலைச்சரிவில் மலேரியாவை ஆராயப் போனபோது அவரையே அந்தக் காய்ச்சல் பிடித்தது.

அந்த ஆண்டு ஆகஸ்டில் இறக்கையில் புள்ளிகள் கொண்ட ஒருவகைக் கொசு கிடைத்தது. அது அனோபிலிஸ் இனம். ஹுசேன் கான் என்ற நோயாளி, கடித்த ஒவ்வொரு கொசுவுக்கும் ஓர் அணா கூலி பெற்றுக்கொண்டு தம் உடம்பைக் கொடுத்தார். ஆகஸ்ட் 20ஆம் தேதி கொளுத்தும் வெயில். பங்கா காற்று கொசுக்களை அடித்துக்கொண்டு போய்விடும் என்பதால் அதையும் போடவில்லை. வியர்வை பட்டு நுண்ணோக்கியின் திருகுகள் துருவேறியிருந்தன, கண்ணாடியிலும் விரிசல். அந்த நிலையில் ஒரு கொசுவின் இரைப்பைச் சுவரில், மலேரியா நுண்ணுயிருக்கே உரிய கருநிறத் துகள்கள் கொண்ட உருண்டைகளை ராஸ் கண்டார்.

ஆராய்ச்சி முடிவதற்குள் வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. 1898இல் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்ட அவர், பறவைகளுக்கு வரும் மலேரியாவைக் கொண்டு வேலையைத் தொடர்ந்தார். முகமது பக்ஸ் என்ற உதவியாளர் கொசு பிடிப்பதிலிருந்து பறவைகளைக் கவனிப்பது வரை இரவு பகலாக உடனிருந்தார். அந்த ஆண்டு ஜூலையில், நுண்ணுயிர் கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் வந்து தங்குவதும், கடிக்கும்போது அடுத்த பறவைக்குள் இறங்குவதும் உறுதியாயின. மனிதருக்கும் இதே வழிதான் என்பதை அதே ஆண்டின் இறுதியில் இத்தாலிய அறிஞர் கிராசியும் அவர் தோழர்களும் மெய்ப்பித்தனர். யார் முந்தியவர் என்று ராஸுக்கும் கிராசிக்கும் மூண்ட சண்டை கடைசிவரை ஓயவில்லை.

ஹுசேன் கானும் முகமது பக்ஸும் இல்லாமல் அந்தக் கண்டுபிடிப்பு நடந்திருக்காது. பரிசு மேடையில் அவர்களுக்கு இடம் இருக்கவில்லை. அந்தக் காலத்து ஆட்சியின் வழக்கம் அது.

கிள்ளானில் நடந்த சோதனை

1899இல் ராஸ் இந்தியப் பணியை விட்டு லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். கொசுவைக் குறைத்தால் மலேரியா குறையும், அதற்குத் தண்ணீர் தேங்கும் இடங்களை வடித்துவிட வேண்டும் என்பதே அவர் ஊர் ஊராகச் சென்று சொன்ன செய்தி.

அந்தச் செய்தியை நம்பி இறங்கியவர்களில் ஒருவர் மால்கம் வாட்சன். ஸ்காட்லாந்துக்காரரான இவர், 1901 தொடக்கத்தில் கிள்ளானுக்கு அரசாங்க மருத்துவராக வந்தார். ஊரைச் சுற்றிச் சதுப்பு நிலமும் காடும் இருந்தன. மருத்துவமனை முழுக்கக் காய்ச்சல்காரர்கள். அதே ஆண்டு செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், திறக்கப்பட்டது. சில வாரங்களிலேயே அங்கு வேலை செய்தவர்களை மலேரியா வாரிச் சுருட்டியது. புதிய துறைமுகத்தை மூடிவிடலாமா என்று யோசிக்கும் நிலை.

வாட்சன் காட்டைத் திருத்தி, சதுப்பை வடித்து, கால்வாய் வெட்டச் செய்தார். பலன் உடனே தெரிந்தது. இந்த இரண்டு ஊர்களிலும் 1901இல் 582 பேர் இறந்தனர். அவர்களில் 368 பேர் காய்ச்சலால் இறந்தவர்கள். 1902இல் மொத்த இறப்பு 144ஆகக் குறைந்தது. காய்ச்சலால் இறந்தவர்கள் 59 பேர்.

கால்வாய் வெட்டிய கைகளும் அங்கே காய்ச்சலில் கிடந்த உடல்களும் பெரும்பாலும் கூலிகளுடையவை. ஆட்சியாளர்களும் தோட்டத் துரைமார்களும் இதில் பணம் போட்டதற்கு இரக்கம் மட்டும் காரணமன்று. ஆள் படுத்துவிட்டால் வேலை நின்றுவிடும் என்ற கணக்கும் இருந்தது. எந்தக் காரணத்தால் நடந்தாலும் உயிர்கள் பிழைத்தன.

லாகூரில் தோற்ற முயற்சி

கிள்ளான் வென்ற அதே காலத்தில் இன்னோர் இடத்தில் முயற்சி தோற்றது. லாகூருக்கு அருகில் இருந்த மியான் மீர் படைமுகாமில் 1902 முதல் பல ஆண்டுகள் கொசு ஒழிப்பு நடந்தது. மலேரியா எதிர்பார்த்த அளவு குறையவில்லை. இந்திய அரசின் மருத்துவ அதிகாரிகள் பலர், கொசுவைக் குறைப்பதால் பயனில்லை என்று முடிவு கட்டினர். செலவிட்ட பணமும் காலமும் போதாது, அரைகுறையாகச் செய்துவிட்டுக் குறை சொல்கிறார்கள் என்று ராஸ் கொதித்தார்.

எதிர்த்தவர்களின் வாதம் கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. ஊரில் உள்ள எல்லாக் கொசுவையும் கொல்ல யாராலும் முடியாது. பாதிக் கொசு மிஞ்சினாலும் அவை கடித்துக்கொண்டுதான் இருக்கும். அப்படியானால் எதற்காக இந்தச் செலவு? கொய்னா மாத்திரை கொடுத்தால் போதாதா?

இந்தக் கேள்விக்குச் சரியான விடை கிடைக்காவிட்டால் அரசாங்கங்கள் கைகழுவிவிடும் என்பது ராஸுக்குத் தெரியும். ஆய்வுக்கூடத்தில் எத்தனை கொசுவை அறுத்தாலும் இதற்கு விடை கிடைக்காது. இளமையில் தாமே கற்ற கணிதத்தை அவர் மீண்டும் கையில் எடுத்தார்.

முதலில் அவர் கேட்டுக்கொண்டது கொசு எவ்வளவு தூரம் போகும் என்பது. 1904இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த மாநாட்டில் இதைப் பற்றிப் பேசினார். கொசு திக்குத் தெரியாமல் அங்கும் இங்கும் அலைகிறது. அப்படி அலையும் உயிர், எத்தனை முறை பறந்தாலும் பெரும்பாலும் பிறந்த இடத்துக்கு அருகிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஆகவே ஊரைச் சுற்றி ஒரு வட்டத்துக்குள் தண்ணீரை வடித்தாலே ஊரின் நடுவில் கொசு வெகுவாகக் குறையும். இந்தக் கணக்கை முழுதாகத் தீர்க்க அவர் கார்ல் பியர்சன் என்ற புகழ்பெற்ற புள்ளியியலாளரின் உதவியை நாடினார். பியர்சன் 1905இல் அதைப் பொதுக் கேள்வியாக வெளியிட்டார். இன்று இயற்பியல் முதல் பங்குச் சந்தை வரை பயன்படும் தற்போக்கு நடை என்ற கணிதத் துறைக்குப் பெயர் வந்தது அந்தக் கேள்வியால்தான்.

மொரிசியஸில் பிறந்த கணக்கு

1907இல் மொரிசியஸ் தீவுக்கு மலேரியாத் தடுப்பு ஆலோசனை கூற ராஸ் அழைக்கப்பட்டார். அங்கும் கரும்புத் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர்களே பெரும்பான்மையினர். அவர்களில் தமிழரும் உண்டு. 1908இல் வெளிவந்த அவர் அறிக்கையில்தான் அந்தக் கணக்கு முதன்முதலாக இடம்பெற்றது.

கணக்கு இப்படிப் போகிறது. 1,000 பேர் வாழும் ஓர் ஊர். அதில் ஒருவருக்கு மட்டும் மலேரியா. ஒரு மாதத்தில் அங்கே 48,000 அனோபிலிஸ் கொசுக்கள் உண்டு என்று வைத்துக்கொள்வோம். எல்லாக் கொசுவுக்கும் மனிதரைக் கடிக்க வாய்ப்புக் கிடைப்பதில்லை. நான்கில் ஒன்றுக்குக் கிடைக்கிறது என்றால் 12,000 கொசுக்கள் கடிக்கும். ஊரில் 1,000 பேர் இருப்பதால் அந்த ஒரு நோயாளியின் பங்கு 12 கொசு.

நோயாளியைக் கடித்த கொசு உடனே நோயைக் கொடுத்துவிடாது. நுண்ணுயிர் அதன் உடம்பில் முதிர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை உயிரோடு இருப்பது மூன்றில் ஒன்று. ஆக 4 கொசு மிஞ்சும். அந்த நான்கில் இன்னொரு முறை மனிதரைக் கடிக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்றுக்கே. ஆக மிஞ்சுவது ஒரே ஒரு கொசு. 48,000 கொசுக்கள் இருந்தும், அந்த மாதத்தில் ஒரே ஒருவர்தான் புதிதாக நோயை வாங்குகிறார்.

இதைச் சொல்லிவிட்டு ராஸ் அடுத்த படிக்குப் போனார். ஒருபக்கம் புதியவர்கள் நோயில் விழுகிறார்கள். மறுபக்கம் பழைய நோயாளிகள் குணமாகிறார்கள். வரவு செலவுக் கணக்குப் போலத்தான் இதுவும். செலவைவிட வரவு கூடினால் நோய் வளரும். வரவு குறைந்தால் கையிருப்பு மாதாமாதம் கரைந்து, ஒரு நாள் கணக்கே முடிந்துபோகும். தாம் எடுத்துக்கொண்ட எண்களின்படி, ஓர் ஆளுக்கு ஏறத்தாழ 40 அனோபிலிஸ் கொசு என்பது அந்த எல்லை என்று அவர் கணித்தார். அதற்குக் கீழே கொசுவைக் கொண்டுவந்தால் போதும். மிச்சக் கொசு பறந்துகொண்டிருந்தாலும் மலேரியா தானே அழியும்.

எதிர்த்தவர்களுக்கு இதுவே விடை. ஒரு கொசுகூட மிஞ்சக் கூடாது என்று யாரும் அஞ்ச வேண்டியதில்லை. அதேபோல், ஓரளவு குறைத்துவிட்டோமே, ஏன் நோய் போகவில்லை என்று வியக்கவும் வேண்டியதில்லை. எல்லையைத் தாண்டும்வரை பெரிய மாற்றம் தெரியாது. தாண்டிவிட்டால் நோய் சரியத் தொடங்கும். எல்லை எங்கே என்று அறியாமல் வேலையைப் பாதியில் நிறுத்தினால் போட்ட காசும் உழைப்பும் வீணாகும்.

இந்தக் கணக்கில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. நோய் பரவ ஒரே கொசு இரண்டு முறை கடிக்க வேண்டும். முதலில் நோயாளியை, பிறகு நலமாக உள்ளவரை. ஊர் முழுவதும் கொசு வலை கட்டி, கடிக்கும் வாய்ப்பைப் பாதியாக்கினால் நோய்ப் பரவல் பாதியாவதோடு நிற்காது, காற்பங்காகக் குறைந்துவிடும்.

தோட்டங்களுக்கு வந்த பாடம்

ராஸ் 1910இல் மலேரியாத் தடுப்பைப் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். அதில் மலாயாவைப் பற்றிய பகுதியை எழுதியவர் வாட்சன். மறு ஆண்டு வந்த இரண்டாம் பதிப்பில் ராஸ் தம் கணக்கை இன்னும் விரித்து எழுதினார். மலாயாவில் மலேரியாத் தடுப்பைப் பற்றி வாட்சன் எழுதிய நூலுக்கு ராஸ் முன்னுரை வழங்கினார்.

கிள்ளானில் வென்ற வழி மலைப்பாங்கான தோட்டங்களில் அப்படியே பலிக்கவில்லை. கரையோரச் சதுப்பில் நிழலை விரும்பும் கொசு வளர்ந்தது. காட்டை அழித்ததும் அது ஒழிந்தது. குன்றுப் பகுதியில் இருந்த கொசுவோ வெயில் படும் தெளிந்த ஓடை நீரைத் தேடும் இனம். ரப்பர் நடுவதற்காகக் காட்டை வெட்டி ஓடைகளைத் திறந்துவிட்டபோது அந்தக் கொசு பெருகியது. காட்டைத் திருத்தத் திருத்த லயத்தில் காய்ச்சல் கூடியதற்குக் காரணம் இதுதான். ஓடை நீரைக் குழாய் வழியாக மண்ணுக்கு அடியில் ஓடவிட்டும், நீர்மேல் எண்ணெய் தெளித்தும் வாட்சன் அதைச் சமாளித்தார். எந்த இடத்தில் எந்த இனக் கொசு நோயைச் சுமக்கிறதோ அதை மட்டும் குறிவைக்கும் முறை மலாயாவில் இப்படித்தான் வளர்ந்தது.

ராஸின் கணக்கும் வாட்சனின் மண்வெட்டியும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. எல்லாக் கொசுவையும் ஒழிக்கத் தேவையில்லை என்பதைக் கணக்கு காட்டியது. தோட்டத்தில் எந்தக் கொசுவை, எந்த ஓடையில் தடுப்பது என்பதைக் கள வேலை காட்டியது.

தொற்றுக்குத் தனி இலக்கணம்

மலேரியாவோடு ராஸ் நிற்கவில்லை. மனிதருக்கு நேரும் நிகழ்வுகளை இரண்டு வகையாகப் பிரித்தார். சாலை விபத்தை எண்ணிப் பாருங்கள். நேற்று பத்துப் பேர் விபத்தில் சிக்கியதால் இன்று நமக்கு விபத்து நேரும் வாய்ப்புக் கூடிவிடாது. தொற்றுநோய் அப்படியன்று. ஏற்கெனவே எத்தனை பேருக்கு வந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் நமக்கு வரும் வாய்ப்பு அமைகிறது. இந்த இரண்டாம் வகைக்கு ஒரு பொதுக் கணிதம் எழுத முடியும் என்று அவர் நம்பினார்.

1916இல் அதன் முதல் பகுதி வெளிவந்தது. அடுத்த பகுதிகளை ஹில்டா ஹட்சன் என்ற பெண் கணித அறிஞரோடு சேர்ந்து 1917இல் வெளியிட்டார். தொற்று ஏன் முதலில் மெதுவாகத் தொடங்கி, பிறகு வேகமெடுத்து, உச்சம் தொட்டு இறங்குகிறது என்பதை அந்தச் சமன்பாடுகள் விளக்கின. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. ராஸின் மூத்த மகன் 1914 ஆகஸ்டில் பிரான்சின் லெ காட்டோ போரில் மாண்டிருந்தார். மகனை இழந்த தந்தை அந்தப் போர் ஆண்டுகளில்தான் இந்த வேலையை முடித்தார்.

அன்று அதைப் படித்துப் புரிந்துகொண்டவர்கள் சிலரே. மருத்துவர்களுக்குக் கணிதம் எட்டவில்லை. கணிதர்களுக்குக் கொசுவில் அக்கறையில்லை. ஆனாலும் விதை வீண்போகவில்லை. 1901இல் ராஸோடு ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்குப் போன மெக்கென்ட்ரிக் என்ற இளம் மருத்துவர், அவர் தூண்டுதலால் இந்தத் துறையில் இறங்கினார். 1927இல் மெக்கென்ட்ரிக்கும் கெர்மாக் என்ற அறிஞரும் சேர்ந்து, நோய் வரக்கூடியவர், நோயுற்றவர், குணமாகிவிட்டவர் என்று மக்களை மூன்றாகப் பிரித்துக் கணக்கிடும் முறையை வெளியிட்டனர். தொற்றுநோய்க் கணிதம் படிக்கும் மாணவர் இன்றும் முதலில் கற்பது இதுதான்.

1950களில் ஜார்ஜ் மெக்டோனால்டு, ராஸின் கணக்கைத் திருத்தி வளர்த்தார். கொசு எத்தனை நாள் உயிரோடு இருக்கிறது என்பதே பரவலை மிக வலுவாக நிர்ணயிக்கிறது என்று காட்டினார். வீட்டுச் சுவரில் மருந்து தெளித்துக் கொசுவின் ஆயுளைக் குறைக்கும் முறைக்கு அது வலுச் சேர்த்தது.

ராஸின் கணக்கில் ஒரு குறை உண்டு. ஊரில் உள்ள எல்லாரையும் கொசு ஒரே அளவில் கடிக்கும் என்று அது எடுத்துக்கொண்டது. உண்மையில் ஓடை ஓரத்து லயத்தில் இருப்பவருக்குக் கடி அதிகம். மேட்டுப் பங்களாவில் இருப்பவருக்குக் குறைவு. பின்வந்தவர்கள் ஒவ்வோர் ஆளையும் ஒரு புள்ளியாகவும், யாரோடு யார் பழகுகிறார் என்பதைக் கோடாகவும் வரைந்தார்கள். வலை போன்ற அந்தப் படத்தில் எல்லாப் புள்ளிக்கும் ஒரே எண்ணிக்கையில் கோடு இருப்பதில்லை. வீட்டோடு இருக்கும் பாட்டிக்கு நான்கு கோடு. பேருந்து நடத்துநருக்கு நானூறு. எந்தக் கோட்டை அறுத்தால் வலை துண்டாகும் என்று தேடுவதே இன்றைய முறை. ராஸ் கேட்ட அதே கேள்விதான்: எங்கே தடுத்தால் தொடர் அறும்?

கசப்பும் இறுதிக்காலமும்

அறிவுக்குக் குறைவில்லாத ராஸுக்குப் பொறுமை குறைவு. தமக்கு உரிய மதிப்பும் பணமும் கிடைக்கவில்லை என்ற மனக்குறை கடைசிவரை இருந்தது. வழிகாட்டிய மேன்சனோடும் மனஸ்தாபம் கொண்டு வழக்குவரை போனார். அம்மைத் தடுப்பைக் கண்ட ஜென்னருக்கு நாடாளுமன்றம் பணம் வழங்கியதுபோலத் தமக்கும் வழங்க வேண்டும் என்று மனுச் செய்து பார்த்தார், பலிக்கவில்லை. 1928இல் தம் கடிதங்களையும் குறிப்புகளையும் விற்றார்.

சிறப்புகளும் வந்தன. 1911இல் சர் பட்டம் கிடைத்தது. 1926இல் லண்டன் பட்னியில் அவர் பெயரால் ஆய்வு நிலையமும் மருத்துவமனையும் திறக்கப்பட்டன. மலாயாவிலிருந்து ஓய்வுபெற்றுச் சென்ற வாட்சன் பின்னர் அங்கேயே பொறுப்பேற்றார். 1927 ஜனவரியில் கல்கத்தாவில், தாம் வேலை செய்த மருத்துவமனை வளாகத்தில் எழுப்பப்பட்ட நினைவு வாயிலை ராஸ் தாமே திறந்துவைத்தார். அதே ஆண்டு பக்கவாதம் தாக்கியது. 1931இல் மனைவி ரோசா காலமானார். 1932 செப்டம்பர் 16ஆம் தேதி, தம் பெயர் தாங்கிய அந்த மருத்துவமனையிலேயே 75ஆம் வயதில் ராஸ் கண்மூடினார்.

இன்றைக்கும் நடக்கும் கணக்கு

2020 மார்ச் 18ஆம் தேதி நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, ஆர் நோட் என்ற தொற்று விகிதம் வீட்டுக்கு வீடு பேச்சானது. ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்கு நோயைக் கொடுக்கிறார் என்பதே அந்த எண். அது ஒன்றுக்குக் கீழே இறங்கினால் நோய் அடங்கும். பெயரும் எண்ணும் வேறானாலும், 1908இல் மொரிசியஸ் அறிக்கையில் ராஸ் எழுதிய வரவு செலவுக் கணக்கின் நீட்சி அது.

மலேரியாவிலும் நாடு வெகுதூரம் வந்துவிட்டது. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா 2018 முதல் மலேசியாவில் உள்ளூரில் பதிவாகவில்லை. குரங்கிலிருந்து தொற்றும் வகை மட்டும் காட்டை ஒட்டிய பகுதிகளில் தொடர்கிறது.

டிங்கி மட்டும் விடாமல் துரத்துகிறது. டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சதுப்பும் ஓடையும் வேண்டாம். பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், கூரைத் தாழ்வாரத்து நீர் போதும். இங்கும் ராஸின் கணக்கு பொருந்தும். தாமானில் பத்து வீட்டில் ஒரு வீடு மட்டும் சுத்தமாக இருந்தால் எல்லை தாண்டாது. அந்த ஒரு வீட்டுக்காரர் தம் உழைப்பு வீண் என்று சலித்துக்கொள்வார். ஏழெட்டு வீடு சேர்ந்தால், சேராத வீட்டில் உள்ளவர்களுக்கும் பாதுகாப்புக் கிடைக்கும். சிலர் வரவில்லை என்பதற்காகத் துப்புரவுப் பணியைக் கைவிடத் தேவையில்லை என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

பெங்களூரில் ஒரு தொட்டியைக் கவிழ்த்த இளம் மருத்துவரிடம், மற்ற தொட்டிகளைத் தொடாதே என்றார்கள். எத்தனை தொட்டிகளைக் கவிழ்த்தால் போதும் என்று கணக்குப் போட அவருக்கு 25 ஆண்டுகள் ஆயின. அந்தக் கணக்கு சரியாக வந்த இடங்களில் பிழைத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று கிள்ளானிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள்.